ஜன்னல் பக்கத்து மேசை

கல்லூரியின் முன்வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு படம் நின்றது. அதில் சேர்மனின் அப்பா மேசைமேல் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சேர்மன், கையெழுத்துப் போடுவதே தான்தான் என்பதுபோலக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே தங்க எழுத்தில், ‘இறந்த பின்னும் கற்பிப்போம்’ என்று ஒரு வாசகம். உடல் தான முகாமில் எடுத்த படம். அன்றைக்கு உடலைத் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர் அந்தப் பெரியவர் ஒருத்தர்தான். வந்திருந்த மற்றவர்கள் மனமுவந்து கைதட்டினார்கள், சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள்.

அந்தப் பெரியவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டையும் போட்டுக்கொண்டு, செய்தித்தாளை மடியில் விரித்தபடியே போய்ச் சேர்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரும் சிரமத்தைக்கூட யாருக்கும் வைக்கவில்லை.

சேதி வந்ததிலிருந்து எலும்பம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எலும்பம்மா உடற்கூறியல் துறையின் தலைவி. பெயர் மாணவர்கள் வைத்தது. கவலை வந்தால் அவர் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் குட்டி எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவி, வாய்க்குள்ளேயே பெயர் சொல்லுவார். மற்றவர்கள் நகம் கடிப்பதுபோல. இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகு அந்த மணிக்கட்டுக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

காரணம் கூடத்துக்குள் போனால் தெரியும். வரிசையாக எவர்சில்வர் மேசைகள், கண்ணாடி மாதிரி துடைத்து வைத்தவை. முதல் வருடப் பிள்ளைகள் நூற்றைம்பது பேர். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஓர் உடல். அதுவும் முந்தைய நான்கு வகுப்புகளின் கைபட்டு, நரம்பு எது, நூல் எது என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டிருந்தது. மூலையில் பட்டுத்துணி போர்த்திய ராட்சசத் திரை ஒன்று உண்டு. தொட்டால் மனித உடல் முழுக்க உள்ளே தெரியுமாம். அமைச்சர் ஒருவர் அதைத் திறந்துவைத்த அன்று தெரிந்தது. மறுநாள் மின்சாரம் ஏறி இறங்கியதில் கண்ணை மூடியதுதான், இன்னும் விழிக்கவில்லை.

ஆய்வுக்குழு வரும் நாட்களில் மட்டும் கூடத்தில் இன்னொருவர் படுத்திருப்பார். அவர் வட்டாரத்தின் மூன்று தனியார் கல்லூரிகளுக்கும் பொதுவான பிணம். எந்தக் கல்லூரிக்கு ஆய்வு வருகிறதோ, அங்கே ஆம்புலன்ஸில் போய் இறங்குவார். முடிந்ததும் அடுத்த இடம். துறையில் அவருக்கு டூரிஸ்ட் என்று பெயர். போன வருடம் ஓர் ஆய்வாளர் அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “இவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?” என்றார். டீன் கொஞ்சமும் அசராமல், “பொதுவான முகவெட்டு சார், எனக்குமே அப்படித்தான் தோணுச்சு” என்றார். எலும்பம்மா அன்று மணிக்கட்டைத் தடவிய தடவலில் தோலே சிவந்துவிட்டது.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான், முகாம் முடிந்த மறுவாரம், பெரியவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு தனியாக வந்து நின்றார்.

“எங்கம்மா என் இடம்?”

“இப்பவே பார்க்கணுமா ஐயா?”

“வீடு வாங்கினா முதல்ல போய்ப் பார்க்கறோமில்ல? இதுல மட்டும் பார்க்காம வந்து படுக்கணுமா?”

அந்தக் கூடம் ஒரு காலத்தில் அவருடைய லாரி ஷெட். மகன் அதற்குப் பளிங்கு ஒட்டி, கண்ணாடி மாட்டி, மருத்துவக் கல்லூரியாக்கியிருந்தார். பெரியவர் மேசை மேசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போய், ஜன்னல் ஓரத்து மேசையில் நின்றார்.

“என் முதல் வண்டி இங்கதான் நின்னுச்சு. வெளிச்சம் இருந்தாத்தான் ரிப்பேர் ஒழுங்கா நடக்கும். என்னை இங்க போடுங்க.” பிறகு பட்டுத்துணித் திரையைக் கைத்தடியால் சுட்டிக் காட்டினார். “இதுல கத்துக்கறாங்களாமே? படத்தைப் பார்த்து எவன்மா இஞ்சின் வேலை கத்துக்கிட்டான்? பிரிச்சுப் பார்க்கணும். கை கறுப்பாகணும்.”

கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார். “என் பையன் எதை வேணும்னாலும் திறந்து வைப்பான். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டான். இந்த விஷயத்துல அவன் ஏதாவது குறுக்க பேசினா நீங்க விட்டுடாதீங்க. எனக்கு வாக்குக் கொடுங்க.”

எலும்பம்மா கொடுத்தார். கொடுத்தபோது அது சுலபமாக இருந்தது. கேட்டவர் உயிரோடு எதிரில் நின்றார்.

இப்போது அவர் சேர்மன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். எலும்பம்மா துறை வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். போன் பண்ணலாமா? துக்க வீட்டில் போய் உடலைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்காமல் இருந்தால் யார் கொடுப்பார்கள்? நேரம் போகப் போக உடலும் காத்திருக்காது. போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தபோது டீனே நேரில் வந்துவிட்டார்.

டீன் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று வந்தவர். முதுகெலும்பை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார் என்பது மாணவர்களின் துணிபு.

“மேடம், நல்ல சேதி. உடல் நமக்குத்தான்.”

“நிஜமாவா சார்?”

“நாளைக் காலையில. அமைச்சர் வர்றார், டிவிக்காரங்க வர்றாங்க. சேர்மன் தன் கையாலேயே உங்க கையில ஒப்படைக்கிறார். மொத்தக் கல்லூரியும் எழுந்து நிக்கும்.”

எலும்பம்மாவின் கை மணிக்கட்டை விட்டது. “அப்ப நான் பதப்படுத்தற ஏற்பாடெல்லாம் ஆரம்பிச்சுடறேன் சார்.”

“அது வேண்டாம்.” டீன் தொண்டையைச் செருமினார். “சாயங்காலம் பின்கேட்டுக்கு வண்டி வரும்.”

“எதுக்கு?”

“திருப்பி எடுத்துட்டுப் போக. வீட்டுத் தோட்டத்துல நினைவு மண்டபம் கட்டறாங்க. அடக்கம் அங்க.”

“சார், அவரு மனுஷரா, இல்ல விழாவுக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரமா?”

“கோவப்படாதீங்க. கொடுத்த மாதிரியும் இருக்கணும், கொடுக்காத மாதிரியும் இருக்கணும். சேர்மன் நிலைமையில இருந்து யோசிச்சுப் பாருங்க.”

“நூத்தம்பது பசங்க நிலைமையில இருந்து யாரு சார் யோசிக்கறது? நாளைக்கு இவங்க உங்க வயித்துலதான் கத்தி வைக்கப் போறாங்க.”

டீனின் கை தன்னிச்சையாக வயிற்றுக்குப் போனது. “நான் வெளிநாட்டுல பண்ணிக்குவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குமேல் நடந்துகொண்டிருக்க எலும்பம்மாவால் முடியவில்லை. ஆட்டோ பிடித்துச் சேர்மன் வீட்டுக்குப் போனார்.

வாசலில் மலர்வளையங்கள் அடுக்கியிருந்தன. மருந்துக் கம்பெனிகளுடையவை பெரியவை, உறவினர்களுடையவை சின்னவை. தோட்டத்தில் ஒரு லாரியிலிருந்து வெள்ளைப் பளிங்குக் கற்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சேர்மன் போனில் யாரிடமோ, “மேடைக்குப் பின்னால வெள்ளைப் பூ, முன்னால மஞ்சள். அப்பாவுக்கு எளிமைதான் பிடிக்கும், அதனால ரெண்டு நிறம் போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எலும்பம்மா விஷயத்தைச் சொன்னார். ஜன்னலைப் பற்றியும் சொன்னார். சேர்மன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தணித்தார்.

“டாக்டர், உங்களுக்கு அப்பா இருக்காரா?”

“இல்ல சார்.”

“இருந்தா இப்படி அறுக்கக் கொடுப்பீங்களா?”

“கொடுத்தேன் சார். நான் படிச்ச காலேஜுக்கே.”

சேர்மன் இதை எதிர்பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்து, எதைத் துடைப்பது என்று தெரியாமல் போனைத் துடைத்தார். “நீங்க டாக்டர். உங்க மனசு வேற. எனக்கு நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு இருக்கு.”

“நாலு பேர் பார்க்கத்தானே சார் வாசல்ல படம் வெச்சிருக்கீங்க?”

“படம் வேற, அப்பா வேற” என்றார் சேர்மன். அதைச் சொன்ன விதத்தில் உண்மையாகவே கொஞ்சம் துக்கம் இருந்தது. அதுதான் எலும்பம்மாவைத் தடுமாற வைத்தது. பணத்தாசையோடு மோதலாம். ஒருத்தர் துக்கத்தோடு எப்படி மோதுவது?

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் சேர்மனின் தங்கை உட்கார்ந்திருந்தாள். எலும்பம்மா வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பும்போது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஜன்னல் கேட்டாராமே?” என்றாள்.

“ஆமாம்மா. உங்களுக்குத் தெரியுமா?”

“ஒரு மாசம் அதையேதான் பேசிக்கிட்டிருந்தார். ‘நல்ல இடம் பிடிச்சிருக்கேன், காத்தோட்டமா இருக்கு’ன்னு. ஏதோ பிளாட் வாங்கின மாதிரி.” சிரிப்பு வந்து பாதியில் அழுகையாயிற்று. “அண்ணன் கெட்டவன் இல்ல டாக்டர். ஆனா கல்லு வந்து இறங்கிடுச்சு. இனி அவனால யோசிக்க முடியாது.”

“நீங்க என்ன நினைக்கறீங்க?”

“நான் மகள். எனக்கும் சம்மதம்னு ஒண்ணு உண்டில்ல? அப்பா எங்க கேட்டாரோ அங்கதான் இருக்கணும்.”

அந்த ஒரு வார்த்தை எலும்பம்மாவுக்குப் போதும். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மறுநாள் காலை கூடத்தைத் திறந்தவர், ஒன்றும் தெரியாமலேயே ஜன்னல் பக்கத்து மேசையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பதப்படுத்தும் திரவத்தைக் கலந்து வைத்தார். பின்கேட்டைப் போய்ப் பார்த்தார். பூட்டு ஏற்கெனவே திறந்திருந்தது.

விழாவுக்குப் பந்தல், பூ, ஒலிபெருக்கி, எல்லாம் வந்தன. வெள்ளைக் கோட்டுப் போட்ட மாணவர்கள் வெயிலில் இரண்டு வரிசையாக நின்றார்கள். பெட்டி மேடைக்கு முன்னால் வைக்கப்பட்டது. உடலைப் பெற்றுக்கொள்பவர் என்பதால் எலும்பம்மாவுக்கு மேடையில் அமைச்சருக்கு அடுத்த நாற்காலி.

அமைச்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரிப்பன் இருக்கும் இடத்தில் அவர் இருப்பார். ரிப்பன் இல்லாவிட்டால் வாங்கிவந்து கட்டச் சொல்லுவார். ஒரு ரத்த வங்கியை இரண்டு தடவை திறந்தவர். முதல் தடவை படம் சரியாக விழவில்லை. திறக்க ஒன்றும் இல்லாத விழாக்களில் அவருக்கு உடம்புக்கு முடியாதவர் மாதிரி ஒரு சோர்வு வந்துவிடும். இன்றும் அப்படித்தான், நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். எலும்பம்மாவும் நெளிந்துகொண்டிருந்தார். இரண்டு நெளிவுக்கும் காரணம் வேறு.

சேர்மன் பேசினார். “என் தந்தை இந்தக் கல்லூரிக்கு நிலம் கொடுத்தார்! பெயர் கொடுத்தார்! என்னையே கொடுத்தார்! இன்று தன்னையும் கொடுக்கிறார்!” கைதட்டல். கைதட்டல் அவருக்கு எப்போதும் கொஞ்சம் தலைக்கு ஏறும். “ஒரு நாள் நானும் இதே கூடத்தில், அவர் பக்கத்து மேசையில் படுப்பேன்! இது உறுதி!” இன்னும் பலமான கைதட்டல். பின்வரிசையில் யாரோ, “எப்ப சார்?” என்று கேட்டது ஒலிபெருக்கி இரைச்சலில் அமுங்கிவிட்டது.

அமைச்சர் எலும்பம்மா பக்கம் சாய்ந்தார். “என்னம்மா இது, கூப்பிட்டு உட்கார வெச்சிருக்காங்க. திறக்கறதுக்கு ஒண்ணும் வைக்கலையே?”

எலும்பம்மா திட்டம் எதுவும் போட்டு வரவில்லை. பிற்பாடு யோசித்தபோதும், அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று அவருக்கே விளங்கவில்லை.

“இன்னைக்கு ஒண்ணுமில்லைங்க ஐயா. அடுத்த மாசம்தான் இருக்கு.”

“என்ன இருக்கு?”

“முதல் வகுப்பு. பெரியவர் மேலதான் நடக்கப் போகுது. அதை யார் தொடங்கி வைக்கறதுன்னு இன்னும் முடிவாகல.”

அமைச்சர் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தம் ஓடியது. “முடிவாகலையா? ரிப்பன் உண்டா?”

“கட்டிடலாங்க.”

“டிவி?”

“நீங்க வந்தா தானா வரும்.”

தன் முறை வந்ததும் அமைச்சர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “தந்தையை நாட்டுக்கே தந்த மகனை நான் வணங்குகிறேன்! அடுத்த மாதம் பெரியவரின் மேல் நடக்கும் முதல் வகுப்பை நானே நேரில் வந்து தொடங்கி வைப்பேன்! என் கையாலேயே அவருக்கு மாலை போட்டு, முகம் பார்த்து விடை கொடுப்பேன்! பத்திரிகை நண்பர்கள் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்!”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சேர்மனும் தட்டினார். தட்டிக்கொண்டிருந்த இரண்டு கைகளும் பாதி வழியில் நின்றன. பிறகு கேமரா பார்ப்பது தெரிந்து, மறுபடி தட்டின.

சாயங்காலம் பின்கேட்டில் வண்டி வந்து ஹார்ன் அடித்தது. யாரும் வரவில்லை. சேர்மன் நேராகத் துறை வராந்தாவுக்கு வந்தார். பின்னாலேயே டீன். எலும்பம்மா கூடத்தின் கதவில் சாய்ந்து நின்றார். உள்ளே பதப்படுத்தும் வேலை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. கடைசி நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மதியம் முழுக்க அவரால் ஊசியையே தொட முடியவில்லை.

“உங்க வேலை போச்சு” என்றார் சேர்மன்.

“சரிங்க சார். அடுத்த மாசம் அமைச்சர் வந்து ஐயா எங்கேன்னு கேட்டா யாரு பதில் சொல்றதுன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் அவருக்குத் தெரிவிச்சுட்டுப் போறேன்.”

டீன் முன்னால் வந்தார். “சார், ஒரு யோசனை. டூரிஸ்டைக் கொண்டுவந்து...”

“மாலை போடறேன், முகம் பார்க்கறேன்னு மைக்ல சொல்லியிருக்கார் சார்” என்றார் எலும்பம்மா. “ஐயாவோட முப்பது வருஷம் பழகினவர். பொதுவான முகவெட்டுன்னு அவர்கிட்டயும் சொல்லப் போறீங்களா?”

டீன் பின்னால் போனார். அந்த நேரத்தில் வண்டியிலிருந்து இறங்கி வந்தது டிரைவர் இல்லை, தங்கை.

“அண்ணா, விட்டுடு.”

“நீ சும்மா இரு. கல்லெல்லாம் வந்து இறங்கியிருக்கு.”

“கல்லுக்காக அப்பாவா? கல்லை வேற எங்கயாவது போட்டுக்கோ. உன் பேரை வெட்டி வைக்க இடமா இல்ல?”

சேர்மன் தங்கையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவோ கணக்கு ஓடுவதும், அந்தக் கணக்கின் நடுவே வேறு எதுவோ குறுக்கிடுவதும் தெரிந்தது. கடைசியில், “ஜன்னல் பக்கமா?” என்று மட்டும் கேட்டார்.

“ஜன்னல் பக்கம்தான் சார்.”

அவர் போய்விட்டார். எலும்பம்மா உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

ஆனால் மனசு அடங்கியபாடில்லை. அந்த மாதம் முழுக்கக் கூடத்தின் சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. சாப்பிடும்போது, குளிக்கும்போது, டிவி பார்க்கும்போது, போன் அடித்தால் திடுக்கிட்டார். “யாராவது பிணத்தைத் திருடுவாங்களா?” என்று கணவர் கேட்டார். “மகனே திருடுவான்” என்றார். கணவர் தன் மகனுக்கு போன் போட்டு நலம் விசாரித்தார்.

யாரும் திருட வரவில்லை. அதற்கு வேறு காரணம் இருந்தது. டிவியில் விழாவைப் பார்த்துவிட்டு அடுத்த வருட அட்மிஷனுக்கு விசாரிப்பவர்கள் கூடிப்போனார்கள். ‘தந்தையையே தந்த தனயன்’ என்று ஒரு பத்திரிகை எழுதியது. இரண்டாவது வாரத்திலேயே சேர்மன் இதையெல்லாம் ஆதியிலிருந்து தான்தான் யோசித்து வைத்ததாக நம்பத் தொடங்கிவிட்டார். தோட்டத்துப் பளிங்கு கல்லூரிக்கு வந்து, கூடத்தின் வாசலில் கல்வெட்டாக நின்றது. அதில் பெரியவர் பெயர் இருந்தது. தேடினால் தெரியும். சேர்மன் பெயரைத் தேட வேண்டியதில்லை.

குறித்த நாளில் அமைச்சர் வந்தார். ரிப்பன் வெட்டினார். மாலை போட்டார். முகம் பார்த்தார். கூடத்தின் நெடி மூக்கில் ஏறியதும் ஓர் அவசரக் கூட்டம் நினைவுக்கு வந்து, டிவிக்காரர்களோடு போய்விட்டார். டீன் அவரை வழியனுப்பப் போனவர் திரும்பவே இல்லை.

மாணவர்கள் ஜன்னல் பக்கத்து மேசையைச் சுற்றி ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார்கள். பிறகு கையுறை மாட்டிக்கொண்டார்கள். வெளிச்சம் பெரியவரின் வலது கைமேல் நேராக விழுந்தது. முழங்கைக்குக் கீழே ஒரு பழைய தழும்பு.

சேர்மன் மட்டும் போகாமல் வாசலில் நின்றிருந்தார். மூக்கில் கைக்குட்டை. கொஞ்சம் கொஞ்சமாக அருகில் வந்தார்.

“அது ரேடியேட்டர் தண்ணி பட்டது” என்றார், யாரிடமும் இல்லாமல். “நான் சின்னப் பையன். மூடியை நான்தான் திறக்கப் போனேன். அப்பா கையை நடுவுல வெச்சுட்டார்.”

எலும்பம்மா அவர் முகத்தைப் பார்த்தார். இந்த ஆள் இப்போது என்ன செய்வார், அழுவாரா, நிறுத்தச் சொல்வாரா என்று தெரியாமல் கை தானாக மணிக்கட்டுக்குப் போனது.

கத்தியோடு குனிந்திருந்த ஒரு மாணவி நிமிராமலே சொன்னாள்: “சார், கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா? வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”

இந்தக் கல்லூரியில் சேர்மனை யாரும் நகரச் சொன்னதில்லை. அவர் நகர்ந்தார். ஓர் அடி பின்னால் வைத்து, இன்னோர் அடியும் வைத்து, பக்கத்து மேசையில் போய் முட்டிக்கொண்டார். பிடிமானத்துக்கு அதன்மேல் கையை ஊன்றினார். எவர்சில்வர் ஜில்லென்று இருந்தது.

“இது யாருக்கு?” என்றார்.

“காலியாத்தான் இருக்கு சார்” என்றார் எலும்பம்மா. “ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி. ஆனா காத்து வரும்.”

சேர்மன் கையைச் சட்டென்று எடுத்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.